மூட்டு வலி இருந்தால் சிலம்பத்தை விட்டுவிட வேண்டுமா?



வல்லத்திராக்கோட்டை வட்டாரத்தில் சிலம்பமும் கராத்தேயும் பழகுபவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலோர் விட வேண்டியதில்லை. பழகும் முறையைத்தான் மாற்ற வேண்டும். ஆனால் எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முழங்கால் கதவுக் கீல் போன்றது. மடங்கவும் நிமிரவும் அமைந்தது, முறுக்குவதற்கு அல்ல. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் சுழன்றால், அந்த முறுக்கு முழுவதும் மூட்டில் விழும். ஜவ்வு கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே கம்பு வீசித் திரும்பும்போது குதிகாலைத் தூக்கி, பாதமும் சேர்ந்து திரும்பட்டும். சிமெண்ட் தரையை விட மேடு பள்ளமில்லாத மண் தரை நல்லது.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்:

1. கால் பிசகியபோது 'டப்' என்ற சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் மூட்டு வீங்குவது.
2. மூட்டு பூட்டிக்கொண்டு, மடக்கவோ நீட்டவோ முடியாமல் போவது.
3. நடக்கும்போது கால் திடீரென மடங்கிக் கொடுப்பது.
4. மூட்டு சிவந்து சூடாகி, காய்ச்சலும் வருவது. இதற்கு அன்றே செல்ல வேண்டும்.

புதிதாக வீங்கிய மூட்டை எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி ஓய்வு கொடுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு களத்தில் இறங்குவது ஆபத்து. வலி மறையும், காயம் வளரும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பயன்படுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதுண்டு. குதிப்பதையும் உதைப்பதையும் சில வாரங்கள் குறைத்தால் பெரும்பாலும் தணியும். "சோம்பேறித்தனம்" என்று அதட்ட வேண்டாம்.

வயதானவர்களின் தேய்மானத்துக்கும் அசைவே மருந்து. 2016-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினர் 12 வாரம் 'தாய் சி' என்ற சீனத் தற்காப்புக் கலையை மெதுவாகப் பழகினார்கள். மற்றவர்கள் இயன்முறை சிகிச்சை பெற்றார்கள். இரு பிரிவினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது.

நம் சிலம்பத்திலும் இதற்கு வழி உண்டு. தாழ்ந்த நிலை, குதிப்பு, வேகச் சுழற்சி ஆகியவற்றை விட்டு, நின்ற நிலையில் கம்பு சுற்றலாம். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். காலுக்கு 10 முறை செய்தால் தொடைத் தசை வலுவாகி மூட்டைத் தாங்கும். எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் மூட்டின் சுமை சுமார் 4 கிலோ குறையும்.

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. இயலாததைத் தளர்த்துவது கடமையை விடுவது ஆகாது. பயிற்சியும் அப்படியே. வலியைச் சொல்ல மாணவர் வெட்கப்பட வேண்டாம். ஆசான்மாரும் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணி நடக்க அவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.