மாதம் 99 ரூபாய் ஹோஸ்டிங்: புதுப்பிக்கும்போது எவ்வளவு?

ராமேஸ்வரத்தில் ரெண்டு ரூம் ஹோம்ஸ்டே வெச்சிருக்கீங்க. இல்லைன்னா, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு வத்தலை வெளியூருக்கு அறிமுகப்படுத்த நினைக்கிறீங்க. ஒரு குட்டி வெப்சைட் வேணும். தேடினால் முதலில் வந்து நிற்பது ‘மாதம் 99 ரூபாய்’ ரக விளம்பரங்கள்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த மாதிரி விலை பெரும்பாலும் 36 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் கிடைக்கும். அப்போ 3,564 ரூபாய். 18% ஜிஎஸ்டியோடு சேர்த்தால் 4,205. அதுகூடப் பரவாயில்லை. நாலாவது வருஷம் அதே பிளான் ரெண்டு, மூணு மடங்கு விலைக்கு வருவது சகஜம். அதனால் பணம் கட்டும் முன் ‘ரினியூவல்’ விலையைத் தேடிப் படிங்க. பொடி எழுத்தில்தான் இருக்கும்.

உண்மையில் உங்களுக்கு ஹோஸ்டிங்குக்குக் காசே தேவையில்லாமல் போகலாம். ரூம் படம், வாடகை, மேப், வாட்ஸ்அப் பட்டன்... இவ்வளவுதான் என்றால் அது ‘ஸ்டேட்டிக்’ சைட். கிளவுட்ஃபிளேர் பேஜஸ், பிளாகர் இரண்டிலுமே இலவசமாக வைக்கலாம், சொந்த டொமைன் பெயரையும் இணைக்கலாம். கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான். ஆனால் ஆன்லைன் வியாபாரம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. சொந்த வலைப்பூ, போர்ட்ஃபோலியோவுக்கு அது நல்லா இருக்கும். பேமென்ட், தேதி பார்த்து புக்கிங் எல்லாம் சைட்டிலேயே நடக்கணும்னாதான் காசு கொடுத்து வாங்கும் ஹோஸ்டிங் பக்கம் போகணும்.

சைட் மெதுவாக இருக்கிறது என்று பெரிய பிளானுக்கு மாறுவதற்கு முன், படங்களைப் பாருங்க. போனில் எடுத்த 4 எம்பி தனுஷ்கோடி போட்டோவை 200 கேபிக்குக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ராமேஸ்வரத்துக்கு ரயிலில் வந்துகொண்டே ரூம் தேடுபவருக்கு எல்லா இடத்திலும் முழு சிக்னல் கிடைக்காது இல்லையா?

இலவசத்திலும் ஒரு ஆபத்து உண்டு. கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்தவர்களுக்கு ‘பிசினஸ் டாட் சைட்’ என்று முடியும் இலவச வலைப்பக்கம் கிடைத்தது ஞாபகம் இருக்கா? 2024 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் காசு செலவழிக்கிற ஒரே இடம் டொமைனாக இருக்கட்டும். ‘டாட் இன்’ பெயர் விலை பார்த்து வாங்கினால் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஹோஸ்டிங் நிறுவனம் மூடினாலும் பெயர் உங்களோடு இருக்கும், வேறு இடத்தில் இணைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது உங்கள் பெயர், உங்கள் ஈமெயில், உங்கள் போன் நம்பர்தான் பதிவாகணும். சைட் செய்து தரும் தம்பியின் ஈமெயிலில் வாங்கினால், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும் அவருக்கே போகும். தை அமாவாசைக்கு முந்தின நாள் சைட் திறக்கவில்லை, தம்பி நம்பரும் மாறிவிட்டது என்றால் யாரிடம் கேட்பீங்க? ஏற்கெனவே அப்படி வாங்கியிருந்தால் இந்த வாரமே அந்தக் கணக்கை உங்கள் ஈமெயிலுக்கு மாற்றச் சொல்லுங்க. ஆட்டோ ரினியூவலையும் போட்டு வைங்க.