பொழுது சாயுமுன் சோறு

ஆரணிப் பக்கத்துச் சமண வீடுகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் அடுப்படியில் ஆயாவின் அவசரம் தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். பேரனுக்கு டியூஷன் ஏழு மணிக்குத்தான் முடியும். மகன் கடையைச் சாத்திவிட்டு வர ஒன்பதாகும். இருந்தாலும் ஆயா விடுவதில்லை. "விளக்கு வெக்கறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்ட்டுப் போடா" என்று தட்டோடு வாசல் வரை வருவார். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழும், தெரியாமல் அதன் உயிர் போகும் என்பது அவர் கவலை. பிள்ளைகள் எப்போது சாப்பிட்டாலும் அவர் இரவில் அன்னம் தொடமாட்டார். தண்ணீர்கூடக் குடிக்காத ஆயாக்கள் உண்டு.

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் வழிவழியாக வாழும் தமிழ்ச் சமணர்களின் வீடு இது. வடக்கிலிருந்து வணிகத்துக்கு வந்த சமணர்கள் வேறு, இவர்கள் வேறு. தமிழே இவர்கள் தாய்மொழி. பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். திகம்பர மரபைச் சேர்ந்தவர்கள். ஊரில் 'நயினார்' என்றால் எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கையில் சில பத்தாயிரம் பேர்தான். இந்தச் சிறு கூட்டம் இத்தனை நூற்றாண்டுகள் தன் நெறி மாறாமல் இருப்பதற்கு ஆச்சாரியர்களும் நூல்களும் காரணம் என்பார்கள். அடுப்படியில் நிற்கும் ஆயாவுக்கு அதில் பாதிப் பங்கு உண்டு என்பேன்.

அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். விடியலில் குளித்து, கோயிலுக்குப் போய், அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் ஆகிய ஐவரையும் வணங்கும் பஞ்ச நமஸ்காரத்தைச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவார். அடுப்பையும் சும்மா பற்றவைத்துவிட மாட்டார். எறும்போ பூச்சியோ இருக்கிறதா என்று பார்த்து, துடைத்த பிறகுதான் தீ. குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலத்தில், வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிரும் பிழைக்கட்டும் என்று அதை மறுபடி கிணற்று நீரிலேயே அலசிவிடுவார்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்கடியில் விளைபவை இந்த அடுப்படிக்குள் வருவதில்லை. தேனும் கிடையாது. அட்டமி, சதுர்த்தசி என்றால் ஒரு வேளைச் சாப்பாடு, அல்லது முழுப் பட்டினி. அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஆரணியில், கடையில் வாங்கிய சுத்தமான அரிசியையும் முறத்தில் கொட்டி ஒருமுறை பார்க்காமல் உலையில் போடமாட்டார்.

இது பட்டு நெசவு ஊர். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு, உள்ளே இருக்கும் புழுவின் உயிர் போன பிறகுதான் நூல் எடுக்கிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். நோன்பு நாளில் பட்டைத் தொடாமல் நூல் சேலை கட்டும் ஆயாக்கள் இருக்கிறார்கள். பேத்தி கல்யாணத்துக்குத் தானே கடைக்குப் போய் ஆரணிப் பட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதையும் காணலாம். நெறிக்கும் ஊருக்கும் நடுவில் வாழ்கிற மனுஷிக்கு இது இயல்பான சங்கடம். குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வீட்டை விட்டு வெளியே கிளம்புவது என்றால் ஆயாவுக்குப் பெரும்பாலும் கோயில்தான். பக்கத்தில் பூண்டி. கொஞ்சம் தள்ளி, ஆச்சாரியர் குந்தகுந்தர் பாதம் உள்ள பொன்னூர் மலை. தேர் பார்க்க, செஞ்சி அருகே ஜின காஞ்சி மடம் உள்ள மேல்சித்தாமூர். வாழ்நாளில் ஒருமுறையாவது சரவணபெளகொளா. அங்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மகாமஸ்தகாபிஷேகம் கடைசியாக 2018இல் நடந்தது. முழங்கால் வலியோடு போய்வந்ததை இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்பவர்கள் உண்டு. இத்தனையிலும் பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றோடு அடிக்கடி போகிற இடம் திருமலை.

ஆரணிக்கும் போளூருக்கும் இடையே, வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருமலை. அடிவாரத்தில் கோயில்கள், குகைக்குள் ஓவியங்கள், பாறையில் பதினாறு அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் தீர்த்தங்கரர் நேமிநாதர், உச்சியில் பார்சுவநாதர் கோயிலும் பாதங்களும். நேமிநாதர் முன்னால் நின்று ஆயா கதை சொல்லத் தொடங்குவார். கல்யாண ஊர்வலம் போகிறது. வழியில் விலங்குகளின் அலறல் கேட்கிறது. எதற்கு அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று மாப்பிள்ளை கேட்க, உங்கள் கல்யாண விருந்துக்குத்தான் என்கிறார்கள். அந்த இடத்திலேயே அவற்றை விடுவிக்கச் சொல்லிவிட்டு, மணக்கோலத்தைக் களைந்து, துறவுக்குப் போய்விடுகிறார் நேமிநாதர். முறத்தில் அரிசியைப் பார்ப்பதும், குழாயில் துணி கட்டுவதும் ஏன் என்று பேரனுக்கு இங்கே விளங்கும்.

நேமிநாதரின் காவல் தெய்வமான இயக்கி தருமதேவியின் கதையை ஆயா இன்னும் உருக்கமாகச் சொல்வார். தருமதேவி முற்பிறவியில் ஒரு குடும்பப் பெண். வீட்டில் திதி நாள். சமையல் முடிந்த நேரம் பசியோடு வந்த முனிவருக்கு, மற்ற எவரும் சாப்பிடுமுன் அன்னம் இட்டுவிட்டாள். அதற்காகக் கணவன் வீட்டை விட்டுத் துரத்த, இரண்டு பிள்ளைகளோடு காட்டு வழி நடந்தாள். பிள்ளைகள் பசியென்று அழுதபோது பட்ட மாமரம் பழுத்தது. பசித்தவருக்குச் சோறிட்டுத் துன்பப்பட்ட பெண்தான் பின்னால் தெய்வமானாள் என்பதை, வாழ்நாளெல்லாம் அடுப்படியில் நின்றவர் வாயால் கேட்க வேண்டும்.

திருமலையின் கல்வெட்டுகளை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். ராஜேந்திர சோழனின் கங்கை வெற்றி வரை சொல்லும் மெய்க்கீர்த்தி இந்தப் பாறையில் இருக்கிறது. அவனது 13ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய கி.பி. 1024-25. கடாரம் அதில் வரவில்லை என்பதை வைத்து, கடாரப் படையெடுப்பு அதற்குப் பிறகுதான் என்று கணக்கிட்டார்கள். 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே திருமலைக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்துவிட்டார்.

ஆனால் அந்த நெடிய வெற்றிப் பட்டியல் எதற்காக வெட்டப்பட்டது? சாமுண்டப்பை என்ற ஒரு பெண்ணின் கொடையைச் சொல்வதற்கு. நன்னப்பையன் என்ற வணிகரின் மனைவி அவர். நந்தாவிளக்குக்கு இருபது காசும் திருவமுதுக்குப் பத்துக் காசும் கொடுத்தார். எந்தக் கோயிலுக்கு? குந்தவை ஜினாலயத்துக்கு. ராஜராஜனின் தமக்கை குந்தவைப் பிராட்டியின் பெயரால் அமைந்த கோயில் இது. திண்டிவனம் பக்கம் தாதாபுரத்திலும் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததோடு ஜினாலயமும் எடுத்தவர் அவர். நூற்றாண்டுகள் கழித்து, ராஜநாராயணச் சம்புவராயன் காலத்தில், பொன்னூரைச் சேர்ந்த நல்லாத்தாள் இதே மலையில் அருகர் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்தார். ஆயா போய்வருகிற அதே பொன்னூர்தான்.

இவர்களில் குந்தவை பெரிய கோயில் கட்டிய அரச குலத்தவர். அவர் பெயரைப் பள்ளிப்பிள்ளையும் சொல்லும். சாமுண்டப்பையையும் நல்லாத்தாளையும் எத்தனை பேர் அறிவார்கள்? விளக்கெரிக்கக் காசு கொடுத்த சாமுண்டப்பைதான் எனக்கு நம் ஆயாக்களுக்கு மிக நெருக்கமானவராகத் தெரிகிறார். இன்றும் கோயில் உண்டியலிலும் அபிஷேகப் பாலிலும் சேர்வது இப்படிப்பட்ட காசுதான்.

சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமண வீடுகளுக்குப் போய்த்தான் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். ஏட்டில் எழுதாத பொருள் அந்த வீட்டு வழக்கத்திலும் பாராயணத்திலும் இருந்தது. இன்றும் அப்படித்தான். எந்த நோன்புக்கு எதைச் சமைப்பது, தீபாவளியன்று மகாவீரர் வீடுபேற்றை எப்படிக் கொண்டாடுவது, அட்சய திருதியைக்கும் கரும்புச் சாற்றுக்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் ஆயாவிடம் இருக்கிறது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். இரவு பத்து மணிக்கு உணவு வரவழைக்கும் வீடுகளில் அவருடைய அடுப்படி தொடரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்காக இளையவர்களைப் பழிக்கவும் மனம் வரவில்லை; வேலை நேரம் அப்படி இருக்கிறது. எழுதியாவது வைக்கலாமே.

திருமலையில் 1998 முதல் அருகந்தகிரி மடம் இயங்கி வருகிறது, பள்ளியும் நடத்துகிறது. குகையும் ஓவியமும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஓவியங்கள் பல இடங்களில் உதிர்ந்துவிட்டன. தயவுசெய்து யாரும் அவற்றில் கை வைக்காதீர்கள். அடுத்த முறை ஆயாவை அங்கே அழைத்துப் போகும்போது சாமுண்டப்பையின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். தருமதேவி கதையை அவர் சொல்லும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவருடைய அம்மா எந்த ஊர், பாட்டி எந்த ஊர், அவர்கள் பெயர் என்ன என்று கேட்டு, ஊர் பெயரோடு குறித்து வையுங்கள். மாலை ஐந்துக்குள் வீடு திரும்பிவிடுங்கள். அவர் சாப்பிட வேண்டும்.