கனவில் விழித்திருத்தல்

கனவு தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. திருக்குறளின் காமத்துப்பாலிலே கனவுநிலையுரைத்தல் என ஓர் அதிகாரமே உண்டு. கண்ணகி கண்ட கனவும், கோவலன் கண்ட கனவும், கோப்பெருந்தேவி கண்ட கனவும் சிலப்பதிகாரத்திலே வரப்போகும் கேட்டினை முன்னறிவித்து நிற்கின்றன. திருமணக் கனாக் கண்ட ஆண்டாள் அதனைத் தோழிக்கு உரைத்தமையை அறியாதார் இலர். பொன்னவன் பெயரால் வழங்கும் கனாநூல், இன்ன கனவுக்கு இன்ன பயன் என வகுத்துரைக்கும். இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இந்நூல்களிலே கனவு தானே வருவது. காண்பவர் அதனை ஏற்பவர். 'கண்டது கனவு' என்னும் அறிவு அவர்க்கு விழித்த பின்னரே உண்டாகின்றது.

கனவு நிகழும்போதே 'இது கனவு' என அறிந்திருத்தல் கூடுமா? கூடும் என்றும், முறையாகப் பயின்று அதனைக் கைவரச் செய்யலாம் என்றும் கொண்டு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அப்பயிற்சியைப் போற்றி வருவோர் திபெத்தியர். அவர்தம் மொழியிலே கனவுக்கு மிலம் என்பது பெயர். நாம் கனவு யோகம் எனலாம். அந்நெறி யாது, அதனால் எய்தற்பாலது யாது, அதன்கண் நாம் கருத்தூன்றி நோக்கவேண்டிய இடம் யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சொல்லும் பொருளும்

இந்நெறி திபெத்திலே வளர்ந்ததாயினும் அதன் ஊற்று பாரத நாடே. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த நரோபர் என்னும் சித்தர் முதலில் நாளந்தாப் பெரும்பள்ளியிலே புகழ்பெற்ற பண்டிதராயிருந்தவர். அவர் வரலாறு கூறும் கதையொன்று எம்போன்ற பண்டிதர்கள் அடிக்கடி நினைத்தற்குரியது. ஒருநாள் அவர் ஏடு விரித்துப் படித்துக்கொண்டிருக்கையில் ஒரு கிழவி வந்து, "நீர் அறிந்தது சொல்லையா, பொருளையா?" என வினாவினாள். "சொல்லை அறிவேன்" என்றார். கிழவி மகிழ்ந்து கூத்தாடினாள். அம்மகிழ்ச்சியை மேலும் பெருக்கக் கருதிய பண்டிதர், "பொருளையும் அறிவேன்" என்றார். கிழவி அழுதாள். முன்னே உரைத்தது மெய், பின்னே உரைத்தது பொய் என்றும், பொருளை அறிந்தவன் தன் உடன்பிறந்தானாகிய திலோபனே என்றும் அவள் கூறினாள். நரோபர் பதவியைத் துறந்து திலோபரைத் தேடிச் சென்றார்.

அவர் பெயரால் வழங்கும் நெறிகள் ஆறு. உள்ளழல் ஓம்பல், மாயவுடல் உணர்தல், கனவு, தெள்ளொளி, இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலை, உயிர்ப்பெயர்ச்சி என்பன அவை. திபெத்திலிருந்து பாரதத்துக்கு மும்முறை வந்து கற்ற மர்ப்பர் இவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். அவர்பால் மிலரேபரும், மிலரேபர்பால் கம்போபரும் (1079–1153) கேட்டனர். பின்னாளிலே சோங்கப்பர் (1357–1419) இவ்வாறு நெறிகளுக்கும் விரிவான உரை வரைந்தார்.

ஆங்கிலம் அறிந்தார்க்கு இவை பரவலாகத் தெரியவந்தது, இவான்ஸ் வென்ஸ் என்பார் பதிப்பித்த நூலொன்று 1935ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டிலே வெளிவந்த பின்னராகும். அதற்கு மூலமான மொழிபெயர்ப்பைச் செய்தவர், சிக்கிம் நாட்டுக் கங்தோக்கிலே பாடசாலைத் தலைமையாசிரியராயிருந்த லாமா காசி தாவா சம்துப். அவர் 1922இலேயே காலமாயினார். தம் உழைப்பு நூலுருப் பெற்றதைக் காணும் பேறு அவ்வாசிரியருக்கு வாய்க்கவில்லை.

பகலே தொடக்கம்

கனவு யோகம் என்றவுடன் இரவிலே செய்யப்படுவது என எண்ணுதல் இயல்பு. ஆனால் திபெத்திய ஆசிரியர்கள் பகலிலே தொடங்குவர். காண்பது, கேட்பது, உண்பது, பிறர் புகழ்தல், பிறர் பழித்தல் ஆகிய எதனைச் சந்திப்பினும் 'இது கனவு போன்றது' என மாணாக்கன் இடைவிடாது நினைத்தல் வேண்டும். பகலிலே பழகிய நினைவுதான் இரவிலே தலைதூக்கும். பகல் முழுதும் கணக்கெழுதியவன் இரவிலும் கணக்கெழுதுதல் நாம் அறிந்ததன்றோ?

நித்திரைக்குச் செல்லும்போது, 'இன்றிரவு கனவைக் கனவென அறிவேன்' என உறுதி பூணுதல் அடுத்த படி. வலப்பக்கமாகச் சரிந்து, வலக்கையைக் கன்னத்தின் கீழ் வைத்துக் கிடத்தல் வேண்டும். இது சிங்க சயனம் எனப்படும். பொலன்னறுவைக் கல்விகாரையிலே கிடந்த கோலத்திற் செதுக்கப்பட்டுள்ள புத்தர் திருவுருவைக் கண்டார்க்கு இது விளங்கும். பின்னர்க் கண்டத்திலே, அஃதாவது தொண்டைக்குழியிலே, செந்தாமரை ஒன்றையும் அதன் நடுவே ஒளிவிடும் ஓரெழுத்தையும் பாவித்தல் வேண்டும். அவ்வெழுத்து ஓம் என்பாரும் ஆ என்பாரும் மரபுக்கேற்ப உளர். இராப்பொழுதிலும் வைகறையே இதற்குச் சிறந்தது என்பர். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்னும் நம் வழக்கும் அப்பொழுதின் கனவையே சிறப்பித்தல் காண்க.

கனவைக் கனவென அறிந்தபின் செய்வன சில உள. ஒன்றைப் பலவாக்குதல், சிறியதைப் பெரிதாக்குதல், நெருப்பை நீராக்குதல் ஆகியன முதற்படி. அச்சந் தரும் வெள்ளமோ தீயோ கனவிலே தோன்றின், கனவுடம்பை எது நனைக்கும், எது சுடும் எனத் தெளிந்து அதனுட் புகுதல் அதனினும் மேற்படி. இறுதியிலே வடிவங்களையெல்லாம் விடுத்துத் தெள்ளொளியில் அமைதலே நோக்கம். இறந்தபின் 49 நாள் வரை நீளும் எனத் திபெத்தியர் கொள்ளும் இடைநிலையிலே பல தோற்றங்கள் எழும். கனவிலே மயங்காதவன் ஆங்கும் மயங்கான் என்பது அவர் துணிபு. ஆகவே அவர்க்கு ஒவ்வோர் இரவும் மரணத்துக்கு ஓர் ஒத்திகை.

பயில்வார்க்கு நேரும் இடையூறுகளை நால்வகைச் சிதறல் என அவர்கள் வகுத்திருத்தல் வியக்கத்தக்கது. கனவென அறிந்த களிப்பிலே விழித்துவிடுதல் ஒன்று. அறிந்ததை மறந்து கனவோட்டத்தில் அள்ளுண்டு போதல் ஒன்று. தோற்றங்களின் நெருக்கத்தால் மயங்குதல் ஒன்று. நித்திரையே வாராது வெறுமையாகக் கிடத்தல் ஒன்று. இப்பாகுபாடு ஏட்டிலே பிறந்ததன்று. எத்தனையோ இரவுகளின் பட்டறிவிலே பிறந்தது.

கண்டத்தானம்

சைவசித்தாந்தம் கற்ற மாணாக்கர் மேற்கூறியவற்றுள் ஒன்றைக் கேட்டவுடன் நிமிர்ந்திருப்பர். கனவுக்குரிய இடம் கண்டம் என்பதே அது. உயிருக்கு நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்து அவத்தைகளும், அவற்றுக்கு முறையே புருவநடு, கண்டம், இருதயம், நாபி, மூலாதாரம் என ஐந்து இடங்களும் நம் ஆசிரியர்கள் வகுத்தனர். நனவிலே தொழிற்படும் கருவிகள் 35. அவற்றுள் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஒழிய, ஏனைய 25 கருவிகளோடு உயிர் கண்டத்திலே நின்று கனவு காணும். உறக்கத்திலே மூன்றும், பேருறக்கத்திலே இரண்டும், உயிர்ப்படக்கத்திலே ஒன்றுமே எஞ்சும்.

இவ்வொற்றுமை கொண்டு ஒருவர் மற்றவரிடம் கடன்கொண்டார் எனத் துணிதல் தகாது. பிரமோபநிடதமும் கனவைக் கண்டத்திலேயே வைக்கும். பாரத நாட்டு யோக மரபாகிய பழைய நிலத்திலே இரு மரங்களும் வேரூன்றின எனல் அமையும். ஆயின் வேறுபாடும் உண்டு. நம் நூல்கள் கனவவத்தையை உயிரின் இயல்பை விளக்கும் சான்றாக ஆண்டன. திபெத்தியரோ அதனையே பயிற்சிக்களமாக ஆக்கினர்.

மேனாட்டார் ஆய்வு

கனவிலே அறிவு விழித்திருத்தல் வெறும் நம்பிக்கையன்று என்பதனைக் கடந்த நூற்றாண்டின் ஆய்வுகள் நிறுவின. ஒல்லாந்து நாட்டு எழுத்தாளரும் உளமருத்துவருமாகிய வன் ஈடன் 1913ஆம் ஆண்டில் இத்தகைய கனவுக்கு ஒரு பெயரிட்டார். அதனைத் தெளிகனவு எனத் தமிழாக்கலாம். 1953இல் சிக்காகோவிலே அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், மூடிய இமைகளுள்ளே விழிகள் விரைந்தசையும் ஒரு நித்திரைப் பகுதி உண்டென வெளியிட்டனர். தெளிந்த கனவுகள் பெரும்பாலும் அப்பகுதியிலே நிகழும். அது வைகறையை நோக்கி நீண்டு செல்லும். அப்பொழுது உடலின் தசைகள் செயலற்றுக் கிடப்பினும் விழிகள் அசையும்.

இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்திலே கீத் ஹேர்ண் என்பார் ஒரு சோதனை செய்தார். உறங்குவார் ஒருவர், தாம் கனவென அறிந்த கணத்திலே, முன்னர்ப் பேசிக்கொண்டவாறு விழிகளை இடமும் வலமும் அசைத்துக் குறி காட்டினார். சிறிது காலத்தின் பின் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே லபேர்ஜ் என்பாரும் தனித்து இதனை நிறுவினார். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வாளர் ஒருங்கு வெளியிட்ட கட்டுரை இன்னும் வியப்புக்குரியது. உறங்குவாரிடம் 'எட்டிலிருந்து ஆறு போக மீதி யாது?' என வினாவ, அவர் கனவினுள் இருந்தபடியே விழியை இருமுறை அசைத்து விடை தந்தார். வினாக்களுட் பெரும்பாலானவற்றுக்கு விடை வாராதாயினும், வந்தவை இவ்வுண்மைக்குப் போதிய சான்றாகும்.

யான் பயின்றது

கண்டத்திலே எழுத்தைப் பாவித்தல் முதலியன தீக்கை பெற்று ஆசிரியர்பால் கேட்டுச் செய்தற்குரியன. யான் அவற்றைத் தொடவில்லை. பகல்நினைவும் படுக்கைக்குச் செல்லுங்கால் உறுதி பூணுதலும் யாவர்க்கும் பொது எனக் கொண்டு, அவ்விரண்டையும் எட்டுத் திங்கள் பயின்றேன். மேனாட்டார் கூறும் சோதனை ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். எழுத்தை ஒருமுறை படித்து, கண்ணை அகற்றி, மீண்டும் படித்தல் வேண்டும். கனவிலே எழுத்து நிலைத்து நில்லாது என்பர். நாள்தோறும் கரும்பலகையின் முன் நிற்பவனுக்கு இது கடினமான பயிற்சியன்று.

பல ஆண்டுகளாக எனக்கு ஒரே கனவு வருவதுண்டு. 1995ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே பெயர்ந்த அந்த இரவு; நாவற்குழிப் பாலம்; மழை; சனநெருக்கம். என் கையைப் பற்றியிருந்த அன்னையாரின் கை நழுவிப்போம். யான் அலறி எழுவேன். உண்மையில் அவ்விரவிலே கை நழுவவில்லை. அவர் எம்முடன் வந்து சேர்ந்து, சில ஆண்டுகளின் பின் நோயுற்றே காலமாயினார். கனவு அதனை ஏற்பதில்லை.

கடந்த மாசித் திங்களில் ஒரு வைகறை அக்கனவு மீண்டும் வந்தது. வீதியோரத்திலே 'கைதடி' என்றொரு பெயர்ப்பலகை. பழக்கத்தால் மறுமுறை படித்தேன். எழுத்துக்கள் குழைந்து வேறாயின. இது கனவு என அறிந்தேன். மழையை நிறுத்த முயலவில்லை, பறக்கவும் முயலவில்லை. ஓடுவதை விடுத்து நின்றேன். நின்றபோது கை நழுவவில்லை. அன்னையாரின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்; திரும்பிய களிப்பிலே விழித்துவிட்டேன். நால்வகைச் சிதறலுள் முதலாவது அது. அதன் பின்னர் அக்கனவு இருமுறை வந்தது, அலறி எழவில்லை.

உவமவுருபு ஒன்று

இவ்விடத்திலேதான் இலக்கணங் கற்றவன் ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். 'முகம் மதி போன்றது' என்பது உவமை. 'முகமதி' என்பது உருவகம். 'உலகு கனவு போன்றது' என்பதற்கும் 'உலகு கனவே' என்பதற்கும் இடையே கிடப்பது உவமவுருபு ஒன்று. அதனை நீக்கினால் நெறியே பிறழும். பலகையின் எழுத்துக் குழைந்த வீதி கனவு. ஆயின் 1995இல் யாம் நடந்த வீதி கனவன்று. அங்கே விழுந்தோர் விழுந்தோரே. பசித்த குழந்தைகள் பசித்தே அழுதன. அவர்தம் துன்பத்தைக் கனவு என்பான் அறிவுடையான் அல்லன், இரக்கமுடையானும் அல்லன்.

உலகு உள்பொருள் என்பதும், மாயை அதற்கு முதற்காரணமேயன்றிப் பொய்த்தோற்றம் அன்று என்பதும் சைவசித்தாந்தத்தின் துணிபு. பௌத்தர் இதனை உடன்படார். எனினும் சோங்கப்பர் முதலிய ஆசிரியர்கள், பொருள்கள் அறவே இல்லாதன அல்ல, தோன்றும் வண்ணமே அவை இருப்பதில்லை என்றே விளக்கினர். அவர்களும் அவ்வுருபைக் காத்தனர். கனவு யோகத்துக்கு முன்னே நூறாயிரம் முறை விழுந்து வணங்குதல் முதலிய பூர்வாங்கப் பயிற்சிகளையும், எல்லா உயிர்கள்மாட்டும் கருணையையும் அவர்கள் வைத்ததன் காரணமும் இதுவெனக் கொள்கின்றேன். 'எல்லாம் கனவு' என்னும் சொல், செருக்குடையான் கையிலே கொடிய படைக்கலமாகும்.

அங்ஙனமாயின் உவமையின் பொதுத்தன்மை யாது? கனவிலே நாம் அஞ்சுவதும் பற்றுவதும் நம் உள்ளம் புனைந்தவற்றையே. நனவிலும் பொருள் மெய்யே எனினும், அதன்மேல் நாம் ஏற்றும் அச்சமும் வெறுப்பும் பெரும்பாலும் நம் புனைவே. வகுப்பிலே ஒரு மாணவன் மறுமொழி கூறாது நின்றால் 'இவன் என்னை அவமதிக்கின்றான்' எனச் சினம் எழும். மறுமுறை படித்தால் எழுத்து மாறும். அவன் காலை உணவின்றி வந்தவனாயிருப்பான். இம்மறுபடிப்பே பகற்பயிற்சியின் பயன். இரவிலே தெளிகனவு வாராதார்க்கும் இப்பயன் தப்பாது.

வாலிபர்க்கு ஒன்று கூறுதல் கடன். கனவிலே பறத்தற்கும் விளையாடுதற்கும் நித்திரையைக் கெடுத்துக்கொள்ளற்க. நித்திரை வாராமை நால்வகைச் சிதறலுள் ஒன்றென அந்நெறியாரே விலக்கினர். மனநோயால் வருந்துவோர் மருத்துவரைக் கேளாது இதனுட் புகாதிருத்தல் நன்று.

1959ஆம் ஆண்டின் பின் திபெத்து லாமாக்கள் பலர் பாரதத்திலும் நேபாளத்திலும் மடங்கள் அமைத்துள்ளனர். மூன்றாண்டுத் தனியிருப்பிலே இவ்வாறு நெறிகளையும் பயிற்றுகின்றனர். அவத்தை இலக்கணத்தைத் துறைபோகக் கற்ற சைவ அறிஞர்கள் நம்மிடையே இன்னும் உளர். கண்டத்தானம் பற்றி இரு மரபாரும் கூறுவனவற்றை மூலநூல்கள் கொண்டு ஒப்புநோக்கும் நூல் ஒன்றை எழுதவல்லார் எழுதுக. யாம் கற்பிக்கும் மாணாக்கர், மனனஞ் செய்த ஐந்தவத்தைப் பட்டியலின் பொருளை அப்பொழுதேனும் வினாவுவர்.