கறிவேப்பிலைக்குள் ஒரு வெள்ளைக்கார டாக்டர்

மாதுங்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கினால் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போடுவார்கள். பக்கத்துக் கடை மராட்டியர் அதைக் 'கடிபத்தா' என்பார். தாவர நூல்களிலோ அதன் பெயர் 'முர்ராயா கோனிகி'. வழக்கமாக வாங்கும் நெல்லைக்கார ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "கறிவேப்பிலைக்கு எதுக்குய்யா வெள்ளைக்காரன் பேரு?" என்றார். நியாயமான கேள்விதான்.

கோனிக் என்பவர் ஒரு டாக்டர். தரங்கம்பாடி டேனிஷ்காரர் வசம் இருந்த காலத்தில், 1768-ல் அங்கு வேலைக்கு வந்தார். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸின் மாணவர். ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொல்லில் பெயர் என்ற முறையை 1753-ல் நூலாக வெளியிட்டு நிலைநிறுத்தியவர் லின்னேயஸ். முதற்சொல் குலப்பெயர் மாதிரி, அடுத்தது சொந்தப் பெயர் மாதிரி. கோனிக் இங்கே செடிகளைக் காகிதத்தில் வைத்து அழுத்தி உலர்த்திக் கப்பலில் அனுப்புவார். அங்கே லத்தீனில் வருணனை எழுதி அச்சிட்டதும் அது 'புதிய' செடியாகிவிடும். நம் பாட்டிமார் காலங்காலமாகத் தாளித்த இலை, 1771-ல் லின்னேயஸ் கையால் கோனிக் பெயரைப் பெற்றது. இலையின் குலப்பெயர் பிறகு மாறியது. சொந்தப் பெயர் மாறவில்லை. ஆற்காட்டு நவாபிடமும் கும்பினியிடமும் வேலை பார்த்த கோனிக் 1785-ல் காக்கிநாடா அருகே காலமானார்.

முருங்கை மட்டும் எப்படியோ தப்பித்தது. 'மோரிங்கா' என்ற குலப்பெயர் நம் சொல்லிலிருந்து போனதுதான்.

மும்பைக்கும் இதில் பங்கு உண்டு. வி.டி. என்று நாம் இன்னமும் சொல்லும் நிலையத்துக்குக் கிழக்கே, துறைமுகத்தை ஒட்டிப் போகும் பி.டி'மெல்லோ ரோடு முன்பு பிரியர் ரோடு. 1862 முதல் 1867 வரை பம்பாய் கவர்னராக இருந்த பார்ட்டில் பிரியரின் பெயர் அது. அதே காலத்தில் வன அதிகாரி டால்செல், ஜுன்னர் பக்கத்து மலைப்பாறைகளில் கண்ட சதைப்பற்றுச் செடி ஒன்றுக்கு 'பிரியரியா இண்டிகா' என்று பெயர் சூட்டினார். சிவாஜி பிறந்த சிவனேரிக் கோட்டைப் பாறையிலும் அது வளர்கிறது. பிற்கால அறிஞர்கள் அதை வேறு குலத்தில் சேர்த்து, இரண்டாவது சொல்லை 'பிரியரை' என்று ஆக்கினார்கள். இண்டிகா போய்விட்டது, கவர்னர் நிற்கிறார். ரோட்டுப் பலகையை மாற்ற முடிந்தது. செடியில் முடியவில்லை.

அப்படியானால் நம்மவர் ஒருவருக்குக்கூட அந்த மரியாதை கிடைக்கவில்லையா? கிடைத்தது. அந்தக் கதைதான் மனதை உறுத்துகிறது.

1819-ல் சென்னைக்கு வந்த ராபர்ட் ஒயிட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், பின்னாளில் கோவையில் பருத்தி ஆராய்ச்சி வேலையும் பார்த்தார். தென்னாட்டுச் செடிகளை 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு வெளியிட்டார். மூலப் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள். வருணனையை எத்தனை பக்கம் எழுதினாலும், இதழையும் மகரந்தத் தாளையும் பிரித்துக் காட்டும் படம் இல்லாவிட்டால் சீமையில் இருப்பவருக்குச் செடி புரியாது. ஒயிட் நன்றி மறக்காதவர். படங்களில் ஓவியர் பெயரையும் அச்சிட்டார். 1853-ல், புதியது என்று தாம் நினைத்த ஓர் ஆர்க்கிட் குலத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். கவர்னருக்குக் கிடைத்த அதே மரியாதை ஒரு சம்பளக்கார ஓவியருக்கு!

ஆனால் தாவரவியல் சட்டம் நம் ரிசர்வேஷன் கவுண்டர் மாதிரி. முதலில் பதிந்தவருக்கே பெர்த். அதே குலத்துக்கு லண்டனில் லிண்ட்லி என்பவர் 1833-லேயே 'திராபிடியா' என்று பெயர் அச்சிட்டுவிட்டார். இருபது வருஷம் முந்தியது. கோவிந்துவின் பெயர் நிற்கவில்லை. யாரும் வஞ்சம் செய்யவில்லை, விதி அப்படி.

2007-ல் எடின்பரோ அரசுத் தாவரவியல் தோட்டத்து ஹென்றி நோல்ட்டி, ஒயிட்டைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே ரங்கையாவையும் கோவிந்துவையும் சேர்த்தார். லண்டன் கியூ தோட்டத்தின் பெயர்ப் பட்டியலில் கோவிந்தூயா இன்றும் இருக்கிறது. திராபிடியாவின் மறுபெயர் என்று.