பாட்டுல ராஜா இருக்கார்... தோண்டினவங்க எங்கே?

1978 ஏப்ரல். அமெரிக்காவின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ டி.வி. நிகழ்ச்சியில் காமெடி நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் எகிப்து ராஜா கெட்டப்பில் வந்து ‘கிங் டட்’ என்ற பாட்டைப் பாடினார். சிங்கிளாக வந்து 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அப்போது துட்டன்காமன் கல்லறைப் பொருட்கள் அமெரிக்க நகரங்களில் கண்காட்சியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. செம கூட்டம், கூடவே செம வியாபாரம். அதைத்தான் மார்ட்டின் கலாய்த்தார்.

சரி, கல்லறையைக் கண்டுபிடிச்ச தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர்? பாட்டில் ஆளே இல்லை!

அவர் வேலை அப்படி. கல்லறைக்குள் 5,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, படம் எடுத்து, உதிரும் மணிவேலைப்பாடுகள் மீது உருக்கிய மெழுகு ஊற்றி, காலி செய்து முடிக்க 10 வருஷம் ஆச்சு. இதுக்கு எந்த டிரம்மர் பீட் போடுவார்?

இண்டியானா ஜோன்ஸுக்கு 1981-ல் ஜான் வில்லியம்ஸ் போட்ட தீம் மியூசிக்கைக் கேளுங்க. எழுந்து ஓடத் தோணும். பிரஷ்ஷோடு மண்ணில் உட்காரத் தோணாது.

கார்ட்டருக்காவது பேர் கிடைச்சது. 1922 நவம்பர் 4 காலையில் அவர் அங்கே வந்தபோதே முதல் படிக்கட்டு வெளியே தெரிந்தது. கண்டது எகிப்தியத் தொழிலாளர்கள். அகமது கெரிகர் உட்பட நான்கு மேஸ்திரிகளுக்குத் தன் புத்தகத்தில் பெயர் சொல்லி நன்றி எழுதிய கார்ட்டர், அந்தப் படியை முதலில் பார்த்தது யார் என்று எழுதவில்லை.