மெதுவோட்டத்தில் தடுமாறும் பழைய கார்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை இன்றும் காண்கிறோம். 1990க்குப் பின், பெற்றோல் கிடையாத போர்க்காலத்தில், இவை மண்ணெண்ணெயிலும் ஓடின. இவற்றின் எஞ்சின் எளிமையானது. பெரும்பாலான பழுதுகளை வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

ஆக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நடுங்குவதும், சந்தியில் நின்றுபோவதும் பலரின் முறைப்பாடு. உடனே திருகாணியை முறுக்கி ஓட்டத்தைக் கூட்டுகிறோம். இதனால் பழுது மறைகிறது, பெற்றோல் வீணாகிறது. சிலர் வேறு காபுரேற்றர் வாங்கிப் பூட்டுகிறார்கள். வாடகைக்கு ஓடிப் பிழைப்பவருக்கு இது பல நாள் உழைப்பு. ஆகவே காபுரேற்றரைக் கடைசியாகவே தொட வேண்டும்.

சோதனையை வெளியிடத்தில், கியர் போடாமல், கைப்பிரேக் இழுத்துச் செய்யுங்கள். மூடிய கராச்சினுள் புகை உயிரைக் குடிக்கும்.

1. எந்தச் சிலிண்டர்?

எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் நுனி எஞ்சின் இரும்பில் தொடும்படி வைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல சிலிண்டரானால் ஓட்டம் மேலும் தளரும். மாற்றமே இல்லையெனில் பழுது அங்கேதான். நான்கையும் இவ்வாறே பாருங்கள். பழுதான சிலிண்டரின் பிளக்கையும் வயரையும் வேறொன்றுடன் மாற்றுங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால், பிளக் அல்லது வயர் வாங்கினால் போதும்.

2. இடைவெளிகள்

மொறிஸ் மைனர் 1000 காருக்குப் பிளக் இடைவெளி 0.64 மி.மீ.; டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் 0.38 மி.மீ.; எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வால்வு 0.30 மி.மீ. இவை சரியாக இருந்தும் அதே சிலிண்டர் வேலை செய்யாவிடில், வால்வு கருகியிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொம்பிறெசன் பார்க்கச் சொல்லுங்கள்.

3. காற்று புகுகிறதா?

காபுரேற்றர் பூட்டிய இடத்திலுள்ள கேஸ்கற்றைச் சுற்றி, எஞ்சின் ஓடும்போது சிறிது தண்ணீர் விடுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. புதுக் கேஸ்கற் போடுங்கள். பெற்றோல் ஊற்றிச் சோதிப்பது தீ விபத்தாகும்.

4. கடைசியில் காபுரேற்றர்

சோக்கை உள்ளே தள்ளியபின் ஜெற் முழுதாக மேலே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிடில் கரும்புகை வரும். பின்னர், எஞ்சின் சூடாக ஓடுகையில், எஸ்.யு. காபுரேற்றரின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர் அளவு மட்டும் உயர்த்துங்கள். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். தளர்ந்து நின்றுபோனால் பெற்றோல் போதாது. சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. இதன் பின்னரே ஓட்டத் திருகாணியைத் தொடுங்கள்.

ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது பழுது என்பது கடைசிவரை தெரியவராது.