கதவுப் பூட்டுப் பராமரிப்பு

கதவுப் பூட்டுப் பராமரிப்பு என்பது மழை, உப்புக்காற்று, தூசி, பனி ஆகியவற்றால் பூட்டு பழுதாகாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். இறுகிய பூட்டில் சாவியை வலிந்து திருப்பினால் அது உள்ளேயே முறியலாம். தீ விபத்து போன்ற நேரங்களில் வீட்டில் இருப்பவர்கள் வெளியேற முடியாமல் போகும் ஆபத்தும் உண்டு.

உள்ளமைப்பு

வீட்டுக் கதவுகளில் பரவலாக உள்ள உருளைப் பூட்டில், சிறு சுருள்விற்களால் அழுத்தப்படும் ஊசிகள் வரிசையாக இருக்கும். சாவியின் வெட்டுகள் இவ்வூசிகளைச் சரியான உயரத்துக்குத் தள்ளினால் மட்டுமே உருளை சுழலும். ஓர் ஊசி தூசியாலோ துருவாலோ சிக்கிக்கொண்டாலும் பூட்டு திறக்காது.

மழைக்காலம்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மரக்கதவுகள் ஈரத்தை உறிஞ்சி உப்பும். அப்போது பூட்டின் நாக்கு, நிலையில் உள்ள துளைக்கு நேராக அமையாது. குறை எங்கே உள்ளது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். அப்போது எளிதாகத் திரும்பி, கதவை மூடியபின் மட்டும் இறுகினால், குறை பூட்டில் இல்லை; கதவிலோ கீலிலோ நிலையிலோ உள்ளது. இந்நிலையில் பூட்டை மாற்றுவதால் பயனில்லை. மழைக்குப் பின் மரம் மீண்டும் சுருங்கும் என்பதால் கதவை அதிகமாக இழைத்துவிடக் கூடாது.

கடலோரப் பகுதிகள்

உப்பும் ஈரமும் சேரும்போது இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் அதில் பச்சைக் களிம்பு ஏறும். பூட்டின் வெளிப்பகுதியை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அவ்வப்போது துடைத்து உலர்த்த வேண்டும். புதிய பூட்டு வாங்குவோர் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பூட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

கோடைக்காலம்

சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. முதலில் சாவி எளிதாகத் திரும்பினாலும், நாளடைவில் எண்ணெயில் தூசி ஒட்டிப் பிசுக்காகிவிடும். மேலும் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். இதற்கு மாற்றாகக் கிராஃபைட் தூளைச் சிறிதளவு பயன்படுத்தலாம். இதன் நுண்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் உராய்வு குறைகிறது. தூள் கிடைக்காதபோது, சாவியின் வெட்டுகளில் பென்சில் முனையைத் தேய்த்துப் பலமுறை செருகி எடுக்கலாம். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டைத் தூய்மை செய்யாமல் கிராஃபைட் இடக்கூடாது. இரண்டும் கலந்து பசையாகும்.

உறைபனி

நீலகிரியின் உயரமான பகுதிகளிலும் குளிர்நாடுகளிலும், பூட்டுக்குள் புகுந்த நீர் உறைந்து ஊசிகளை அசையவிடாமல் செய்யும். சாவியைச் சற்றுச் சூடாக்கி மெதுவாகச் செருகினால் பனி உருகும். வெந்நீர் ஊற்றினால் அந்நீரே மீண்டும் உறைந்துவிடும்.

மாற்ற வேண்டிய நிலை

தூய்மை செய்து கிராஃபைட் இட்ட பின்னும், கதவு திறந்திருக்கும்போதே சாவி இறுகினால் உள்ளுறுப்புகள் தேய்ந்திருக்கலாம். சாவி முறியும்வரை காத்திராமல் உருளையை மாற்றிவிடுவது நல்லது.